பம்பை மாத்துறதுக்கு முன்னாடி பைப்பைப் பாருங்க

மோட்டார் தண்ணி ஏத்தலைன்னா நம்ம ஊர்ல என்ன செய்வோம்? எலக்ட்ரிக் கடைக்குப் போவோம். "ஒரு ஹெச்.பி. பத்தாது சார், ஒன்றரை போட்டுக்குங்க" என்பார் கடைக்காரர். போட்டுக்குவோம். ஃபுட் வால்வுல இலை அடைச்சிருக்கா, சக்‌ஷன் பைப்புல காத்து வாங்குதான்னு யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல மார்க்கும் வாங்கின நானும் பார்க்கலை. அதனால ஒரு வயசான அம்மாவோட வீட்டை ரெண்டு வாரம் இன்னும் மோசமாக்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இதே இதழுக்குப் பக்கம் வடிவமைச்சுக் கொடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். பொறுத்துக்கோங்க.

இப்போ லண்டனில் மேற்படிப்பு. தங்கியிருப்பது 1930-களில் கட்டின ஒரு வரிசை வீட்டின் மாடி அறையில். கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து 1980-களில் வந்தவர், எழுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி. நான் "ஆன்ட்டி" என்பேன், அவர் "தம்பி" என்பார். நவம்பர் கடைசியில் ஒருநாள், "முன் அறை ரேடியேட்டர் சூடாகுதில்லை தம்பி, நீர் எஞ்சினியர்தானே, ஒருக்கா பாருமன்" என்றார். ஏற்கெனவே ஒரு கம்பெனி ஆள் வந்து பார்த்து, "சிஸ்டமே பழசு, பாய்லர், பம்ப், பைப் எல்லாத்தையும் மாத்தணும்" என்று நாலாயிரம் பவுண்டுக்கு மேல் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆன்ட்டி அந்தத் தாளை சாமிப் படத்துக்குப் பின்னாடி செருகி வச்சிட்டு, சமையலறையில் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சோபாவும் டிவியும் முன் அறையில். அங்கே 13 டிகிரி.

ஊட்டியைத் தவிர வேற குளிர் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே பழைய வீடுகளில் சமையலறையில் ஒரு கேஸ் பாய்லர் இருக்கும். அது தண்ணியைச் சூடாக்கும். அந்தத் தண்ணி செப்புக் குழாய் வழியா ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இருக்கிற இரும்புத் தகடு ரேடியேட்டருக்குள் போய், சூட்டை விட்டுட்டு, திரும்ப பாய்லருக்கு வரும். அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கும். குழாயில் குளிக்க வர்ற வெந்நீர் வேற தண்ணி. மாடியில் ஒரு அலமாரிக்குள் நிற்கிற செப்பு சிலிண்டருக்குள்ளே, ஒரு சுருள் வழியா இந்தச் சூடு அதுக்குப் போகும். கூரைக்கடியில் பரணில் ஒரு சின்னத் திறந்த தொட்டி. சுற்றும் தண்ணி குறைஞ்சா நிரப்பவும், சூட்டில் விரிஞ்சா வாங்கிக்கவும் அது.

சிலிண்டர் அலமாரியில் பம்பைக் கண்டுபிடிச்சேன். என் கையளவுதான். பெயர்த்தகட்டில் 15-60 என்று இருந்தது. கூகுள் பண்ணினேன்: 60 என்றால் 60 டெசிமீட்டர், அதாவது அதிகபட்சம் 6 மீட்டர் ஹெட். வீட்டு உயரமும் கிட்டத்தட்ட 6 மீட்டர். "ஆஹா, சரியா மேலே ஏத்துற அளவுக்குத்தான் போட்டிருக்காங்க, வயசாகி வலு குறைஞ்சிருக்கும்" என்று முடிவு பண்ணினேன். பக்கவாட்டில் மூணு வேகம் மாத்துற ஒரு சுவிட்ச். 2-இல் இருந்ததை 3-க்குத் தள்ளினேன். அன்னிக்கு ராத்திரி முன் அறை கொஞ்சம் சூடாச்சு. ஆன்ட்டி எனக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தார்.

என் கணக்கு எவ்வளவு தப்புன்னு பாருங்க. நம்ம வீட்டு மோட்டார் கிணத்திலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணியை உண்மையிலேயே தூக்குது. போன தண்ணி திரும்பி வராது. அதனாலதான் 1 ஹெச்.பி., 746 வாட். ஆனா இங்கே இருப்பது மூடிய வளையம். ஒரு பக்கம் ஏறுற தண்ணியின் எடையை இன்னொரு பக்கம் இறங்குற தண்ணி சமன் பண்ணிடுது, ராட்டினத்தில் ரெண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்த மாதிரி. பம்ப் ஜெயிக்க வேண்டியது உராய்வை மட்டும்தான். வீடு ரெண்டு மாடியா இருபது மாடியா என்பது பம்புக்குக் கவலையே இல்லை. குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு ஒல்லி, எத்தனை வளைவு என்பதுதான் கவலை.

எண்களைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு 12 கிலோவாட் வேணும்னு வச்சுக்கலாம். பழைய முறைப்படி பாய்லரிலிருந்து 82 டிகிரியில் போய் 71-இல் திரும்பினால் வித்தியாசம் 11 டிகிரி. 12-ஐ 4.2 பெருக்கல் 11-ஆல் வகுத்தா விநாடிக்கு சுமார் 0.26 லிட்டர். 3 மீட்டர் உராய்வை எதிர்த்து அதைத் தள்ள, தண்ணிக்குச் சேர வேண்டிய திறன் எட்டு வாட்டுக்கும் குறைவு! ஒரு எல்.இ.டி. பல்பு. மோட்டார் நஷ்டமெல்லாம் சேர்த்து அந்தப் பழைய பம்ப் நூறு வாட்டை ஒட்டி இழுக்கும், அவ்வளவுதான். 22 மி.மீ. செப்புக் குழாய்க்கு உள்விட்டம் சுமார் 20 மி.மீ.; அதில் இந்த ஓட்டம் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகம். நல்லா போகும். அதையே 15 மி.மீ. குழாயில் அனுப்பினா 1.8 மீட்டர். கத்தும். ஆக, பம்புக்கு வயசாச்சுங்கிற என் தீர்ப்புக்கு ஆதாரம் ஒண்ணுமே இல்லை. இந்தக் கணக்கு எனக்கு ரெண்டாம் வருஷமே தெரியும். போடணும்னு தோணலை.

மூணாம் நாள் மாடி ரேடியேட்டர்களின் மேல்பாதி சில்லுன்னு ஆச்சு. காத்து. சாவி போட்டுத் திறந்துவிட்டேன். உஸ்ஸுன்னு காத்து போய், பின்னாலேயே மை மாதிரி கருப்புத் தண்ணி வந்தது. மறுநாள் மறுபடி காத்து. அதுக்கு மறுநாளும். ராத்திரியெல்லாம் கடகடன்னு சத்தம். "சுவருக்குள்ள ஆரோ தண்ணி குடிக்கிற மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார் ஆன்ட்டி. முன் அறை திரும்ப 13 டிகிரி. அந்தக் கம்பெனித் தாள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மேஜைக்கு வந்துவிட்டது. சேமிப்பில் கை வைக்கத் தயாராகிட்டார்.

அப்போதான் செய்ய வேண்டிய முதல் வேலையைக் கடைசியா செய்தேன். ஒரு டார்ச், ஒரு ஏ3 தாள், ரெண்டு சாயங்காலம். ஒவ்வொரு குழாயையும் கையால தொட்டு, சூடா குளிரான்னு பார்த்து, எங்கே போகுதுன்னு வரைஞ்சேன். பரணில் தவழ்ந்தேன். சிலிண்டர் அலமாரியில் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். (பாய்லர் மூடியை மட்டும் தொடலை. இங்கே கேஸ் சம்பந்தப்பட்ட வேலையை கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் செய்யலாம், சட்டம்.)

வரைய வரைய அந்த வீட்டின் ஐம்பது வருஷச் சரித்திரம் தெரிஞ்சது. பாய்லரிலிருந்து சிலிண்டருக்கு ரெண்டு தடிமனான 28 மி.மீ. குழாய்கள். மத்ததெல்லாம் 22, 15. இது மட்டும் ஏன் இவ்வளவு தடி? ஏன்னா 1970-களில் முதன்முதலா போட்டப்போ சிலிண்டருக்குப் பம்பே கிடையாது. சூடான தண்ணி லேசாகி தானே மேலேறும், ஆறினது கனத்து இறங்கும். நம்ம ஹாஸ்டல் மொட்டைமாடி சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கே, தொட்டி மேலே, குழாய்கள் கீழே, பம்ப் இல்லாமல் ஓடுமே, அதே சங்கதி. 80 டிகிரி தண்ணியின் அடர்த்தி கனமீட்டருக்கு 972 கிலோ, 60 டிகிரியில் 983. ரெண்டரை மீட்டர் உயரத்துக்கு இந்த வித்தியாசம் தர்ற அழுத்தம் வெறும் 28 மி.மீ. தண்ணி உயரம். அவ்வளவு மெல்லிய தள்ளல் வேலை செய்யணும்னா குழாய் தடிமனா இருந்தே ஆகணும். அந்தக் காலத்துப் பிளம்பருக்கு இது தெரிஞ்சிருக்கு. தடிக் குழாய் பார்த்து "பழசு, வேஸ்ட்" என்று சொல்றவங்களுக்குத் தெரியலை.

அப்புறம் எப்பவோ, அநேகமா 1990-களில், யாரோ பாய்லரை மாத்தியிருக்காங்க. பழைய வார்ப்பிரும்பு பாய்லருக்குள் தண்ணி ஏரி மாதிரி தாராளமா போகும். புதுசு கொஞ்சம் தண்ணி பிடிக்கிற வகை, உள்வழி குறுகல், எதிர்ப்பு அதிகம். கூடவே பம்பைக் கீழேயிருந்து மாடி அலமாரிக்கு மாத்தி, ஒரு மூணு வழி வால்வு போட்டு, சிலிண்டரையும் ரேடியேட்டரையும் ஒரே பம்பால் ஓட்டியிருக்காங்க. நல்ல மாற்றம்தான். ஆனா ஒரு குழாயை அப்படியே விட்டுட்டாங்க. பரண் தொட்டியிலிருந்து இறங்குற 15 மி.மீ. நிரப்புக் குழாய், பழையபடி கீழே சமையலறையில், பாய்லருக்குத் திரும்புற குழாயில்தான் சேருது. தொட்டிக்கு மேலே வளைஞ்சு நிற்கிற காத்துக் குழாயோ மாடி அலமாரியில், பம்புக்குச் சற்று முன்னாடி சேருது.

இதுல என்ன தப்பு? இங்கேதான் விஷயம் இருக்கு, கொஞ்சம் நிதானமா வாங்க.

மூடிய வளையத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், பம்ப் ஓடினாலும் நின்னாலும் அழுத்தம் மாறாது. நிரப்புக் குழாய் சேரும் இடம் அது. அங்கே அழுத்தம் மாறணும்னா தொட்டியிலிருந்து தண்ணி உள்ளே வரணும், இல்லை வெளியே போகணும். நிரம்பின வளையத்தில் பம்ப் தண்ணியைப் புதுசா உண்டாக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. அதனால அந்த இடத்தில் எப்பவும் தொட்டி உயரத்து அழுத்தமே. ஈ.ஈ.ஈ. நண்பர்களே, உங்களுக்கு ஒரே வார்த்தை: எர்த். பம்ப் பேட்டரி, குழாய்கள் ரெசிஸ்டர், அந்த டீ எர்த். எர்த்தை எங்கே வச்சாலும் கரண்ட் மாறாது. ஆனா ஒவ்வொரு புள்ளியின் வோல்டேஜும் மாறும்.

ஆன்ட்டி வீட்டில் எர்த் பாய்லருக்கு முன்னாடி. அங்கிருந்து தண்ணி பாய்லரின் குறுகல் வழியில் போய், மாடி ஏறி, காத்துக் குழாய் டீயைத் தாண்டி பம்புக்குள் போகுது. இந்த வழியில் எவ்வளவு உராய்வோ அவ்வளவு அழுத்தம் அந்த டீயில் குறையும். காத்துக் குழாய்க்குள் நிற்கிற தண்ணி மட்டமும் அவ்வளவு இறங்கும். தொட்டி மட்டத்துக்கும் அந்த டீக்கும் உயரம் அளந்து பார்த்தேன், சுமார் 80 செ.மீ. வேகம் 2-இல் மட்டம் அதுக்குள்ளே தாக்குப்பிடிச்சிருக்கு. நான் 3-க்குத் தள்ளினேன். ஓட்டம் கால் பங்கு கூடினாலே உராய்வு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மட்டம் டீ வரைக்கும் இறங்கி, பம்ப் வெளிக்காத்தை உறிஞ்ச ஆரம்பிச்சிருச்சு. சுவருக்குள் தண்ணி குடிச்சது நான்தான்.

காத்துன்னா ஆக்சிஜன். ரேடியேட்டர் எல்லாம் இரும்பு. அந்தக் கருப்பு மை வேற ஒண்ணுமில்லை, மேக்னடைட், இரும்பு ஆக்சைடு. அது காந்தத்தில் ஒட்டும். செப்பு ஒட்டாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த நல்லூர்க் கோயில் காந்தப் படத்தை எடுத்துக் கீழே நிரப்புக் குழாய் சேருற டீயில் வச்சேன். செப்புக் குழாயில் அது கெட்டியா ஒட்டிக்கிட்டு நின்னது! உள்ளே அவ்வளவு படிவு. பத்து பைசா செலவில்லாத சோதனை. கம்பெனி ஆளும் செய்யலை, அதுவரைக்கும் நானும் செய்யலை.

மிச்சக் கதை சின்னது. வேகத்தை 2-க்கே இறக்கினேன். என் வரைபடத்தைக் காட்டினதும், தெருக்கோடியில் இருக்கிற ஒரு வயசான பிளம்பர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுத் தலையாட்டினார். அந்த நிரப்புக் குழாயைக் கீழே வெட்டி மூடி, மாடியில் காத்துக் குழாய்க்குப் பக்கத்திலேயே, 150 மி.மீ. இடைவெளிக்குள், பம்புக்கு முன்னாடி சேர்த்தார். இப்போ வரிசை பாய்லர், காத்துக் குழாய், நிரப்புக் குழாய், பம்ப். ரெண்டு டீக்கும் நடுவில் உராய்வே இல்லைன்னு சொல்லலாம், அதனால மட்டம் ஆடாது. வெட்டின துண்டைக் காட்டினார், 15 மி.மீ. குழாயில் பென்சில் நுழையுற ஓட்டைதான் பாக்கி. உள்ளே கழுவி விட்டு, துருத்தடுப்பு மருந்து ஊத்தினார். மொத்தச் செலவு அந்தத் தாளில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி.

முன் அறை ஏன் சூடாகலை என்கிற முதல் கேள்விக்குப் பதில் இன்னும் எளிமை. பம்ப் மாடியில். பக்கத்து ரேடியேட்டர்களின் வால்வெல்லாம் முழுசா திறந்து கிடந்தது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையே எல்லா வடையையும் எடுத்துட்டா கடைசி இலைக்கு என்ன வரும்? ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரு முனையில் லாக்‌ஷீல்ட்ன்னு ஒரு வால்வு உண்டு, மேலே மூடி போட்டிருக்கும். கிட்டத்தில் இருக்கிறதை நல்லா நெருக்கி, தூரத்தில் இருக்கிறதைத் திறந்துவிட்டு, ரெண்டு குழாயிலும் தெர்மாமீட்டர் மாட்டி, வித்தியாசம் 11 டிகிரி வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா சரிபண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆச்சு. நம்ம புத்தகத்தில் "இணைநிலைக் குழாய்கள்" என்று ரெண்டு பக்கம், மூணு கணக்கு. பதிமூணு மார்க். அதோட அர்த்தம் இதுதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

அந்தக் கம்பெனி சொன்னது முழுப் பொய்யா? இல்லை. இங்கிலாந்தில் ஏப்ரல் 2005-லிருந்து புதுசா போடுற பாய்லர் கண்டென்சிங் வகையா இருக்கணும்னு விதி; அது கேஸை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. மூணு வேகப் பம்ப் மாதிரியானவையும் 2013-லிருந்து வந்த ஐரோப்பியத் திறன் விதிகளால் கடையை விட்டுப் போயிடுச்சு. ஆன்ட்டியும் ஒருநாள் பாய்லரை மாத்தத்தான் போறார். ஆனா அந்தக் கருப்புச் சேற்றோடும், காத்து உறிஞ்சுற குழாயோடும் புது பாய்லரை மாட்டியிருந்தா, அதன் குறுகலான உள்வழி எத்தனை நாள் தாங்கும்?

"இனிமே எல்லாம் ஹீட் பம்ப், பழைய பைப் கதை எதுக்கு?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். அங்கேதான் மாப்ள இன்னும் பெரிய வேலை இருக்கு. ஹீட் பம்புக்கு 11 டிகிரி வித்தியாசம் வச்சா திறன் கெடும். 5 டிகிரி மாதிரி வைப்பாங்க. அதே சூட்டுக்கு ஓட்டம் ரெண்டு மடங்குக்கு மேல். அதே பழைய குழாயில் உராய்வு நாலு மடங்கு தாண்டும். எந்தச் சுவருக்குள் எந்த அளவு குழாய் போகுதுன்னு தெரியாதவன் அந்த வேலையை எப்படிச் செய்வான்? சென்னை ஓ.எம்.ஆர். கட்டடங்களில் குளிர்தண்ணி ஓடுறதும் இதே மூடிய வளையம், இதே பந்தி வடைப் பிரச்சினை. உங்கள்ல பத்துப் பேராவது அந்த வேலைக்குத்தான் போகப் போறீங்க.

அதனால என் கோரிக்கை ஒண்ணு, நம்ம துறைக்கும் உங்களுக்கும் சேர்த்து. லேப்ல பம்ப் ஒரு மேஜையில், பைப் உராய்வு இன்னொரு மேஜையில், தனித்தனியா ரீடிங் எடுக்கிறோம். ரெண்டும் சேர்ந்த ஒரு பழைய கட்டடத்தை யாரும் நமக்குக் காட்டுறதில்லை. நம்ம ஹாஸ்டல் பி பிளாக் இருக்கே, மூணாவது மாடியில் காலை ஆறு மணிக்கு மேல் தண்ணி சொட்டுமே, அங்கே போன தடவையும் மோட்டாரைத்தான் பெருசாக்கினாங்க. அந்த பிளாக் குழாய் வரைபடம் யார்கிட்டயாவது இருக்கா? இல்லைன்னா ஒரு ஏ3 தாளும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு ரெண்டு சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போங்க. வார்டன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. வரைஞ்சதை இந்த இதழுக்கு அனுப்புங்க, நான் பார்க்க ஆசைப்படுறேன்.

ஆன்ட்டியோட முன் அறை இப்போ 20 டிகிரி. டிவி சத்தம் மாடி வரைக்கும் கேட்குது. என் அறைதான் இன்னும் 17. பின்னாடி யாரோ பிறகு நீட்டிக் கட்டின பகுதி அது. அதுக்கு மட்டும் ஒல்லியா 10 மி.மீ. குழாய் ஒண்ணு தரைக்கடியில் போகுது, எங்கே கிளைக்குதுன்னு தெரியலை. ஹாலின் தரைப் பலகையைக் கழட்டினாத்தான் தெரியும். ஆன்ட்டியிடம் கேட்டேன். "பொங்கல் முடியட்டும் தம்பி" என்கிறார்.